கைவிடப்பட்ட தொழிற்களங்களும் மெய்நிகர்க் கலையும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

இமானுவேல் காண்ட் 1790 இல் வெளியிட்ட ‘தீர்ப்பாற்றல் பற்றிய விமர்சனம்’ என்னும் நூலின் தொடக்கப் பகுதியிலேயே ஓர் அரண்மனை எதிர்ப்படுகின்றது. அவ்வரண்மனை அழகியதா என ஒருவரிடம் வினவப்படுகின்றது. வாயைப் பிளந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட பொருள்களில் தமக்கு விருப்பமில்லை என அவர் விடை கூறலாம். பாரிசு நகரத்தில் உணவுக் கடைகளைத் தவிர வேறெதுவும் தம்மைக் கவரவில்லை என்ற அமெரிக்கப் பழங்குடித் தலைவனைப் போலவும் பேசலாம். அன்றேல், ரூசோவின் வழிநின்று, வேண்டாத ஆடம்பரங்களுக்காக மக்களின் வியர்வையைச் செலவிடும் பெரியோரின் செருக்கை இடித்துரைக்கலாம். இவை யாவும் ஏற்கத்தக்கனவே என்கிறார் காண்ட். ஆனால் வினவப்பட்டது அதுவன்று என்றும் உடனேயே கூறிவிடுகின்றார். அழகு பற்றிய தீர்ப்பு, பொருளின் இருப்பிலோ பயனிலோ அக்கறை கொள்ளாத தீர்ப்பு. மக்களின் வியர்வை, கோயில் வாயிலிற் கழற்றி வைக்கப்படும் பாதரட்சை போல, அத்தீர்ப்பின் வாயிலிற் கழற்றி வைக்கப்படவேண்டியதொன்று.

அரண்மனையைப் பொறுத்தவரை இக்கூற்றுடன் ஒருவாறு உடன்பட்டுப் போகலாம். கட்டியவனின் வியர்வை அரண்மனையின் முன்கதை. அது காய்ந்த பின்னரே அரசன் குடிபுகுகின்றான். சுரங்கமும் உலைக்களமும் அத்தகையனவல்ல. அங்கு வியர்வை கட்டடத்துக்கு முந்தியதன்று. கட்டடம் எதற்காக எழுந்ததோ அதுவே அது. அவ்வாறாயின், இயக்கம் நின்று, கூரை பொத்து, துருவேறிக் கிடக்கும் ஒரு தொழிற்களத்தின் முன்னின்று ‘அழகு’ என ஒருவன் சொல்லும்போது அவன் எதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுகின்றான்? இவ்வினா அண்மைக் காலத்திற் புதியதொரு கூர்மையைப் பெற்றுள்ளது. இத்தகைய இடங்களைக் காண இன்று நேரிற் செல்லவேண்டியதில்லை. கண்களை மூடிப் பொருந்தும் ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே அவற்றுள் உலவலாம். அவ்வுலாவைக் கலையாகச் சமைக்கும் கலைஞர்களும் தோன்றியுள்ளனர்.

பாழிடங்களை நயக்கும் மனப்பாங்கு நேற்று வந்ததன்று. 18 ஆம் நூற்றாண்டிலே ஊபெர் ரொபேர் என்னும் பிரெஞ்சு ஓவியர் இடிந்த மண்டபங்களையும் வளைவுகளையும் வரைந்து பெயர் பெற்றார். 1767 ஆம் ஆண்டின் ஓவியக் காட்சி பற்றி எழுதிய டிடெரோ, அவ்வோவியங்களின் முன் காலத்தின் பெருக்கையும் மனித வாழ்வின் சிறுமையையும் எண்ணி இனியதொரு துயரில் ஆழ்ந்தார். அத்துடன் அவர் நிற்கவில்லை. ஓவியத்தில் மனித உருவங்கள் மிகுதியாக உள்ளன, அவற்றுள் முக்காற் பங்கை அழித்துவிட வேண்டும், தனிமையையும் அமைதியையும் மிகுவிப்பன மட்டுமே எஞ்சவேண்டும் என ஓவியருக்கு அறிவுரையும் கூறினார். பாழை நயப்பவனுக்கு மனிதர் இடைஞ்சல் என்பது இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்டமை அரிது. பாழிடத்தின் வெறுமை இயல்பாக அமைந்ததன்று, பார்வையாளனின் இன்பத்துக்காக உருவாக்கப்படுவது என்பதற்கு டிடெரோவின் அறிவுரை நல்ல சான்று.

தொழிற்களங்களின்பால் இப்பார்வையைத் திருப்பியோருள் முதன்மையானவர்கள் ஜேர்மனியைச் சேர்ந்த பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்னும் தம்பதியர். 1959 தொடக்கம் அவர்கள் ஊதுலைகளையும் நீர்த்தாங்கிகளையும் சுரங்க வாயிற் கோபுரங்களையும் புகைப்படமாக்கினர். நேர்முகமாக நின்று, மேகம் மூடிய வானத்தின் கீழ், நிழல் விழாதவாறு எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. மனிதரைக் காண்பது அரிது. 1970 இல் அவர்கள் வெளியிட்ட தொகுதியின் பெயர் ‘பெயரற்ற சிற்பங்கள்’. 1990 இல் வெனிசு நகரக் கலைக் காட்சியிலே அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசு வழங்கப்பட்டது, புகைப்படத்துக்கு வழங்கப்படவில்லை. இவ்விருவரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. பழைய இரும்பு விலைக்கு உடைக்கப்படவிருந்த பல அமைப்புக்கள் இன்று அவர்கள் எடுத்த படங்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. எனினும் அத்தலைப்புச் சிந்திக்கத்தக்கது. ஊதுலையை வடிவமைத்த பொறியியலாளனின் பெயர் அறியப்படாமையால் அது பெயரற்ற சிற்பம். அதன் அடியில் முப்பது ஆண்டுகள் நின்றவனின் பெயர் குறித்து அத்தலைப்புக்கு எக்கவலையும் இல்லை.

வால்ற்றர் பெஞ்சமின் 1931 இல் புகைப்படக் கலை பற்றி எழுதிய கட்டுரையிற் பிரெக்ட்டின் கருத்தொன்றை எடுத்தாள்கின்றார். குறுப் ஆலையின் புகைப்படம் ஒன்று அந்நிறுவனத்தைப் பற்றி ஏறக்குறைய எதனையுமே தெரிவிப்பதில்லை என்பது அதன் சாரம். மனித உறவுகள் ஆலை என்ற பொருளுக்குள் மறைந்துபோயின. மதிற்சுவரை எவ்வளவு துல்லியமாகப் படம்பிடித்தாலும் அதற்குட் செய்யப்பட்ட கூலி உடன்படிக்கை அதில் விழுவதில்லை. இக்கருத்து மெய்நிகர்க் கலைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகின்றதா, அன்றி அக்கலை இக்குறையைத் தீர்க்கின்றதா என்பதே ஆராயத்தக்கது.

தலையில் அணியும் காட்சிக் கருவியொன்றை ஐவன் சதர்லன்ட் 1968 இலேயே செய்து காட்டினார். நீண்ட காலம் ஆய்வுகூடங்களிற் கிடந்த அந்நுட்பம், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் சந்தைக்கு வந்துவிட்டது. பாழடைந்த ஓர் ஆலையை அதனுட் கொண்டுவரும் வழிகள் இரண்டு. லேசர்க் கதிரைச் சுவர்மீது செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளந்து, இலட்சக்கணக்கான புள்ளிகளாற் கட்டடத்தை மீளக் கட்டுவது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த ஆயிரக்கணக்கான புகைப்படங்களை ஒப்புநோக்கிக் கணினி வடிவத்தைக் கணித்துக்கொள்வது மற்றொன்று. இரண்டும் மேற்பரப்பை அளப்பன. துருவின் நிறத்தையும் காரை பெயர்ந்த இடத்தையும் இவை பிழையின்றிப் பதிவுசெய்யும். ஏன் துருவேறிற்று என்பதை எந்தக் கதிரும் கொண்டு வராது.

இவ்விடத்து ‘மெய்நிகர்’ என்னும் சொல் நின்று நோக்கற்பாலது. தமிழில் மெய் என்பது உண்மையையும் குறிக்கும், உடம்பையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை, இக்கலையைப் பற்றி நீண்ட விளக்கங்கள் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றது. மெய்நிகர் உலகில் உண்மைக்கு நிகரானது உண்டு, உடம்பு இல்லை. அங்கு உலவுபவனுக்கு எடையில்லை. அவன் மிதித்தால் தூசி எழாது, தகரம் நொறுங்காது, ஆணி காலில் ஏறாது. சூடும் புழுக்கமும் அவனை அணுகா. ஒரு கண்ணாடி மாளிகையைக் காண்பதற்கு இது பெருங்குறையன்று. ஆனால் உலைக்களத்தின் உண்மை உடம்பிலே நிகழ்ந்தது. உடம்பைக் கழித்துவிட்டு உலைக்களத்தின் மெய்யைக் காட்டுவதாகக் கூறுவது, எண்ணெயைக் கழித்துவிட்டு விளக்கைக் காட்டுவது போன்றது.

இவற்றைப் பொதுவிற் கூறிச் செல்வதைவிட ஓரிடத்தை எடுத்து நோக்குவது தெளிவு தரும். யப்பானின் நாகசாகித் துறைமுகத்துக்கு அப்பால் ஹஷிமா என்றொரு சிறு தீவு உண்டு. தூரத்திலிருந்து நோக்குவோர்க்குப் போர்க்கப்பல் போலத் தோன்றுவதால் குன்கன்ஜிமா, அதாவது போர்க்கப்பல் தீவு, எனவும் அது வழங்கப்படுகின்றது. அதன் பரப்பு 6.3 ஹெக்டயர் மாத்திரமே. 1890 இல் மிற்சுபிசி நிறுவனம் அதனை வாங்கிக் கடலடி நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கியது. 1916 இல் அங்கு எழுந்த ஏழுமாடிக் குடியிருப்பு, யப்பானில் வலுவூட்டிய கொங்கிறீற்றினாற் கட்டப்பட்ட மிகப் பழைய அடுக்குமாடி வீடுகளுள் ஒன்று. 1959 இல் அச்சிறு பாறையில் 5,259 பேர் வாழ்ந்தனர். பாடசாலையும் மருத்துவமனையும் கோயிலும் திரைப்பட அரங்கும் இருந்தன. மரமில்லாத தீவிலே, வெளியிலிருந்து மண் கொணர்ந்து மாடிக் கூரைகளிற் செடி வளர்த்தனர். பின்னர் நிலக்கரியின் இடத்தைப் பெற்றோலியம் பிடித்தது. 1974 ஜனவரியிற் சுரங்கம் மூடப்பட்டது. ஏப்ரலிற் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. அன்று தொடக்கம் காற்றும் உப்பும் கட்டடங்களைத் தின்று வருகின்றன.

2009 இல் உல்லாசப் பயணிகள் தீவில் இறங்க அனுமதிக்கப்பட்டனர். ஆனால் ஓரமாக அமைக்கப்பட்ட நடைபாதைக்கு அப்பாற் செல்ல அவர்களுக்கு அனுமதியில்லை, இடிந்து விழும் அபாயமே காரணம். 2012 இல் வந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படமொன்றின் கொடியவனுடைய தீவுக்கு இதுவே முன்மாதிரியாயிற்று. 2013 இல் கூகிள் நிறுவனத்தார் முதுகிற் கமராவைச் சுமந்த ஒருவரை அனுப்பித் தடுக்கப்பட்ட பகுதிகளையும் பதிவுசெய்தனர். நாகசாகி நகரிலேயே இத்தீவுக்கென அமைந்த டிஜிட்டல் அருங்காட்சியகம் ஒன்றில் மெய்நிகர்க் கருவியினூடாக அதனைக் காணலாம். இவ்வாறாக, நேரிற் செல்பவனிலும் செல்லாதவன் கூடுதலாகக் காண்கின்ற விந்தையான நிலை ஏற்பட்டுள்ளது. நேரிற் செல்பவனைத் தடுப்பது இடிந்துகொண்டிருக்கும் கட்டடம். கருவி அணிந்தவனை எதுவும் தடுப்பதில்லை. தடையின்றி உட்செல்லும் இவ்வுரிமை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்னும் வினா எளிதில் எழுவதில்லை, ஏனெனில் மறுக்க அங்கு எவரும் இல்லை.

ஆனால் ஹஷிமாவில் மறுப்பவர் உளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டோர் அச்சுரங்கத்தில் வேலைசெய்ய வைக்கப்பட்டனர். 2015 ஜூலையில் ஹஷிமா உட்பட 23 இடங்களை ‘மெய்ஜிக் காலக் கைத்தொழிற் புரட்சி’யின் சின்னங்களாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கும்போது, கொரியரும் பிறரும் பெருந்தொகையினர் 1940களிற் சில இடங்களுக்கு விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டுக் கடுமையான நிலைமைகளில் வேலைசெய்ய வைக்கப்பட்டனர் என்பதை விளங்கச் செய்வதாகவும், பாதிக்கப்பட்டோரை நினைவுகூரும் வகையில் தகவல் நிலையம் ஒன்றை அமைக்கவிருப்பதாகவும் யப்பானியப் பிரதிநிதி கூறினார். அதனையடுத்து யப்பானிய வெளிநாட்டமைச்சர், அங்கு கூறப்பட்டது ‘கட்டாய உழைப்பு’ என்பதைக் குறிக்காது என விளக்கமளித்தார். தகவல் நிலையம் 2020 இல் திறக்கப்பட்டது. தீவிலன்று, நாகசாகியிலுமன்று, தோக்கியோவில். அங்கு இடம்பெற்றவற்றுள் முன்னாள் தீவுவாசிகள் சிலரின் சாட்சியங்கள் முதன்மை பெற்றன. கொரியர் பாகுபாட்டுக்கு உள்ளானதைத் தாம் கண்டதில்லை என்பது அவர்கள் கூற்று. 2021 இல் உலக மரபுரிமைக் குழு, முன்னைய தீர்மானங்கள் முழுமையாக நிறைவேற்றப்படாமை குறித்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. யப்பான் பின்னர் எடுத்த சில நடவடிக்கைகளை 2023 இல் அக்குழு குறிப்பிட்ட போதும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

இவ்வழக்கின் நுட்பமான பகுதி கால எல்லையிலே தங்கியுள்ளது. பட்டியலிற் சேர்ந்த சிறப்பு, 1850கள் தொடக்கம் 1910 வரையான காலத்துக்கு மட்டுமே உரியது. 1940கள் அவ்வெல்லைக்கு வெளியே. அதுமட்டுமன்று, பார்வையாளர் வியந்து நோக்கும் அந்த அடுக்குமாடிகளும் அவ்வெல்லைக்கு வெளியேதான், அவை 1916 இற்கும் அதன் பின்னருக்கும் உரியன. உள்ளே வைக்கப்பட்டவை கடற்சுவரும் பழைய சுரங்கப் பகுதியும். வரலாற்றிற் பொய் சேர்க்காமலே, எங்கு தொடங்கி எங்கு முடிப்பது என்பதைத் தீர்மானிப்பதன் மூலம் மட்டுமே, ஒரு பகுதி மக்களை இல்லாதவராக்கிவிட முடியும் என்பதற்கு இதனிலும் தெளிந்த உதாரணம் கிடைப்பது கடினம்.

இங்கேதான் மெய்நிகர்க் கலைஞனின் பொறுப்பு, புகைப்படக் கலைஞனின் பொறுப்பிலிருந்து வேறுபடுகின்றது. புகைப்படத்துக்கு ஒரு சட்டகம் உண்டு. அச்சட்டகம், தனக்கு வெளியேயும் உலகம் உண்டு என்பதைப் பார்ப்பவனுக்கு ஓயாது நினைவூட்டுகின்றது. வெட்டுப்பட்ட ஒரு குழாய், பாதியில் நின்றுவிட்ட ஒரு சுவர், ‘இதற்கப்பால் யாது?’ என வினவச் செய்கின்றது. மெய்நிகர் உலகுக்குச் சட்டகம் இல்லை. தலையைத் திருப்புமிடமெல்லாம் உலகம் தொடர்கின்றது. ஆகவே அங்கு இல்லாதது, வெளியே விடப்பட்டதாகத் தோன்றுவதில்லை. ஒருபோதும் இருந்ததேயில்லை எனத் தோன்றுகின்றது. பெஹர் தம்பதியரின் படங்களில் மனிதர் இன்மை ஒரு தெரிவாகவே தெரிகின்றது. மெய்நிகர் ஹஷிமாவில் அதே இன்மை இயற்கையாகிவிடுகின்றது. முழுமையின் தோற்றமே அங்கு விடுபடலை மறைக்கின்ற திரை.

இவ்வாதத்துக்கு ஒரு மறுப்பு உண்டு. மெய்நிகர்க் கலை பிறர் நிலையை உணரச் செய்யும் ஆற்றல் பெற்றது, அதனைச் சரிவரப் பயன்படுத்தினால் தொழிலாளியின் துன்பத்தையே அனுபவிக்கச் செய்யலாம் என்பது அம்மறுப்பு. 2015 இல் கிறிஸ் மில்க் என்னும் படைப்பாளர் இக்கலையைப் பரிவை உண்டாக்கும் தலைசிறந்த பொறி என்று வருணித்தார். அச்சொல் விரைவிற் பரவியது. உளவியலாளர் போல் புளூம் அதனை மறுத்தார். அகதியின் துன்பம் கண்ணுக்குத் தெரியும் கூடாரத்திலும் தூசியிலும் தங்கியதன்று, அடுத்து என்ன நேரும் என்பதை அறியாத நிலையிலும் அதிலிருந்து விலக முடியாமையிலும் தங்கியது. கருவியை எந்நொடியிலும் கழற்றக்கூடியவனுக்கு அது கிட்டாது என்பது அவரது வாதம். ஹஷிமாவைப் பொறுத்தவரை புளூமின் வாதமே வலியது. கடலடிச் சுரங்கத்தின் 30 பாகை வெப்பத்தையும் 95 சதவீத ஈரப்பதனையும் ஒரு கூடத்திற் செயற்கையாக உண்டாக்குவது பெரிய காரியமன்று. கழற்றும் உரிமையைப் பார்வையாளனிடமிருந்து பறிப்பதுதான் இயலாதது; பறிக்கவும் கூடாது. றொபேட் நோசிக் 1974 இற் கற்பனை செய்த அனுபவப் பொறி இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. விரும்பிய இன்பமெல்லாம் தரும் பொறியிலும் மனிதன் நிரந்தரமாக நுழைய மறுப்பான், ஏனெனில் அவன் செயல்களின் அனுபவத்தை மட்டுமன்றிச் செயல்களையே வேண்டுகின்றான் என்றார் அவர். மெய்நிகர்ச் சுரங்கத்தில் நுழைபவனின் நிலை இதற்கு நேர்மாறு. அவன் வேண்டுவது செயலன்று, பிறர் செயலின் சாயல். அதுவும் ஒரு கால்மணி நேரத்துக்கு. இதனைப் பரிவு என அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

இன்னொரு வழி, இறந்தவர்களைக் கணினியால் மீள உருவாக்கி அவ்வெற்றிடங்களில் நடமாட விடுவது. இது முன்னையதினும் பிழைபட்டது. வாழ்ந்தபோது பேச இடம் கொடுக்கப்படாதவனின் வாயில், இறந்த பின்னர் இன்னொருவன் எழுதிய வசனத்தை வைப்பது அவனை இரண்டாம் முறை வேலைக்கு அமர்த்துவதாகும். முதன்முறை கரி வெட்டினான். இம்முறை காட்சிக்கு உயிரூட்டுகின்றான். இரண்டுக்கும் அவன் சம்மதம் கேட்கப்படவில்லை.

வியர்வை என்றால் துன்பம் மட்டுமே எனக் கொள்வதும் வெளியாளின் பார்வையே என்பதை மறத்தலாகாது. ஹஷிமாவில் 1950களிலும் 60களிலும் வாழ்ந்த யப்பானியக் குடும்பங்களுக்கு அத்தீவு ஊர். நல்ல கூலி கிடைத்தது; தொலைக்காட்சிப் பெட்டி பல வீடுகளில் இருந்தது; பிள்ளைகள் கூரைகளில் விளையாடினர். அவர்கள் தம் ஊரை இழந்த துயரம் உண்மையானது. அதனைப் போலி எனத் தள்ளுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. சிக்கல் யாதெனில், அவர்களின் துயரம் 1974 இற்கு உரியது, கொரியரின் துயரம் 1940களுக்கு உரியது. முன்னதைச் சான்றாக நிறுத்திப் பின்னதை மறுக்கும்போது, ஒரு நினைவு மற்றொரு நினைவை வாய்மூடச் செய்யும் கருவியாகின்றது. தொழிற்களம் ஒன்று பெருமிதத்தின் இடமாகவும் கொடுமையின் இடமாகவும் ஒருங்கே இருக்கக்கூடும். வெறுமையாகக் காட்டப்படும் கூடம் இவ்விரண்டையுமே அழித்துத் தூய வடிவத்தை மட்டும் மிச்சம் வைக்கின்றது என்பதுதான் அதன்மீதான குற்றச்சாட்டு.

‘கைவிடப்பட்ட’ என்ற அடைமொழியும் இதற்குத் துணைபோகின்றது. தமிழிற் கைவிடுதல் என்பது வெறுமனே விட்டுச்செல்லுதலன்று; காக்கவேண்டிய கை பற்றியதை நழுவவிடுதல். பெற்றோர் பிள்ளையைக் கைவிடுவர், கணவன் மனைவியைக் கைவிடுவான். வழிப்போக்கன் எவரையும் கைவிடுவதில்லை. அத்தகைய வினை ‘பட்ட’ என்னும் செயப்பாட்டு வடிவம் கொள்ளும்போது கைவிட்ட கை மறைந்துபோகின்றது. கைத்தொழில் எனத் தொடங்கிய சொல் கைவிடப்படுதலில் முடிவதற்கிடையே எத்தனை கைகள்! ஹஷிமாவைக் கைவிட்டது ஒரு நிறுவனத்தின் கணக்கும் ஓர் அரசின் எரிபொருட் கொள்கையும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது போரினால். அங்கு தொழிற்சாலையை விட்டவர்கள் அதே காலத்தில் வீடுகளையும் விட்டவர்கள். ஜேர்மனியின் டியூஸ்பேர்க் நகரில் 1985 இல் மூடப்பட்ட மைடரிக் உருக்காலை, உருக்குச் சந்தையின் நெருக்கடிக்குப் பலியானது. இன்று அது பூங்கா. மூன்றின் புகைப்படங்களையும் அருகருகே வைத்தால் துரு ஒரே நிறமாகவே தெரியும். கொழுத்த கணக்குப் புத்தகமும் குண்டும் ஒரே அழகைப் பிறப்பிக்கின்றன என்றால், அவ்வழகு எதனைப் பற்றியும் எதனையும் அறியாதது என்பதே பொருள்.

பாழைப் பாடுவதற்கு வேறு முறையும் உண்டு. பட்டினப்பாலையிலே கரிகாலனாற் பாழாக்கப்பட்ட பகைவர் நிலத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வருணிக்குமிடத்து, ஒவ்வோரிடமும் இன்று யாதாயிற்று என்பது, முன்னர் யாதாக இருந்தது என்பதுடன் சேர்த்தே கூறப்படுகின்றது. ஆண்யானையும் பெண்யானையும் நெடுந்தூண்களை உராய்ந்து தங்கும் பொதியில், முன்னர்ப் பலர் தொழுத இடம். புதியவர் வந்து தங்கிய இடம். அங்கு நீராடி வந்து, நிலத்தை மெழுகி, அந்தியில் அணையா விளக்கை ஏற்றியோர் கொண்டி மகளிர், அதாவது பகைவரிடமிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட பெண்கள். உருத்திரங்கண்ணனார் வென்றவனைப் புகழ வந்த புலவர். சிறைபிடித்தலைக் கண்டிக்க வந்தவரல்லர். ஆயினும் விளக்குத் தானே எரிந்தது என அவர் பாடவில்லை. டிடெரோ அழிக்கச் சொன்ன முக்காற் பங்கு உருவங்கள், இப்பாட்டில் அழியாமல் நிற்கின்றன. காண்டின் வாயிலிலே கழற்றி வைக்கப்பட்ட பாதரட்சையை இப்புலவர் கழற்றவேயில்லை. பாட்டின் அழகும் அதனாற் குன்றவில்லை.

அழகையும் அறத்தையும் பகைகளாக நிறுத்துவோர் இவ்வுண்மையைக் கவனிக்கத் தவறுகின்றனர். துருவேறிய ஊதுலையை அழகு என்பதிற் குற்றமில்லை. அது யாரின்றி அழகாக இருக்கின்றது என்பதைக் கேட்காமல் விடுவதிலேயே குற்றம் தொடங்குகின்றது. கலை வரலாற்று நூலன்று, விளக்கம் கூறுவது அதன் வேலையன்று என்பார் கூற்றை ஒப்புக்கொள்ளலாம். விளக்கப் பலகைகளை மாட்டி வைப்பதாற் கலை அறமுடையதாகிவிடாது; பெரும்பாலும் அலுப்பே மிஞ்சும். வேண்டுவது பலகையன்று, இன்மையை இன்மையாகவே தெரியச் செய்யும் ஒரு வடிவம்.

அதற்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை. ஜேர்மனியின் ஃபோல்க்லிங்கன் இரும்பாலை 1986 இல் மூடப்பட்டு, 1994 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. அங்கும் போர்க் காலங்களிற் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவரும் வேலைசெய்தனர். இரண்டாம் உலகப் போரின்போது மாத்திரம் அவர்தொகை 12,000 இற்கும் மேல். 2018 இற் பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்ரியன் போல்தான்ஸ்கி அவ்வாலையினுள்ளே அவர்களுக்கென ஒரு நினைவிடத்தை அமைத்தார். துருவேறிய ஆவணப் பெட்டிகளின் நெருங்கிய வரிசைகள். நடுவே கரிய ஆடைகளின் குவியல். தாழ்ந்த குரல்கள் பெயர்களை ஒவ்வொன்றாக முணுமுணுக்கும். உருவம் ஒன்றுமில்லை. எவரும் எவராகவும் நடிக்கவில்லை. பார்வையாளன் பெயர்களைக் கேட்கின்றான், பெயருக்குரியவரைக் காண்பதில்லை. காணமுடியாமையே அங்கு காட்டப்படுவது. போல்தான்ஸ்கியின் படைப்பு மெய்நிகர்க் கலையன்று. அது உடம்போடு சென்று குனிந்து நடக்கவேண்டிய இடம். எனினும் உருவாக்க வல்லதையெல்லாம் உருவாக்கிக் காட்டுவதே திறமை என எண்ணும் மெய்நிகர்க் கலைஞர்கள் அங்கு கற்பதற்கு நிறைய உண்டு.

ஹஷிமாவைக் கலையாக்க முனைபவனுக்கு இடமே ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளது. தீவில் இன்று காணக்கூடியவற்றுட் பெரும்பாலானவை வீடுகள். வேலை நடந்த இடம் கடலுக்கு அடியில். சுரங்கம் மூடப்பட்ட பின்னர் அச்சுரங்கப் பாதைகள் நீரால் நிரம்பிவிட்டன. எந்த லேசர்க் கதிரும் அங்கு செல்லவில்லை. எந்தக் கமராவும் இறங்கவில்லை. ஆகவே தீவு முழுவதையும் காட்டுவதாகச் சொல்லும் ஒவ்வொரு மெய்நிகர் உலாவும், அத்தீவு எதற்காக இருந்ததோ அதைத் தவிர்ந்த யாவற்றையுமே காட்டுகின்றது. கற்பனையால் அவ்விருளை நிரப்புவது எளிது, கணினி அதற்குச் சளைக்காது. நேர்மையான படைப்பு அதனைச் செய்யாது. பார்வையாளன் மாடிப்படிகளில் ஏறலாம், வகுப்பறையில் நிற்கலாம், கூரைத் தோட்டம் இருந்த இடத்திலிருந்து கடலை நோக்கலாம். கூண்டு இறங்கிய வாயிலுக்கு வந்ததும் படம் நின்றுவிடும். அதன் கீழே, கொரிய மொழியிலும் சீன மொழியிலும் யப்பானிய மொழியிலும், அங்கு இறங்கியவர்களே சொல்லிப் பதிவான, ஒன்றோடொன்று முரண்படுகின்ற குரல்கள் மட்டும் கேட்கும்.